கண்டி மலையில் வீடு வாங்கியோர்

கண்டி இராச்சியத்தில் ஒரு மனையை விலைகொடுத்து வாங்கிய வரலாற்றைத் தன் கைப்பட எழுதிவைத்துச் சென்றவர் ஓர் ஆங்கிலக் கைதி. 1660ஆம் ஆண்டில் இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்ட றொபேட் நொக்ஸ், இருட்டறையில் அடைக்கப்பட்டவரல்லர். ஊர்களிற் குடியமர்த்தப்பட்டு, தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடனாகக் கொடுத்து வாங்கியும் பிழைத்தவர். கண்டி நகருக்குத் தெற்கே ஏறக்குறையப் பத்து மைல் தொலைவில், உடுநுவரையைச் சேர்ந்த எலதெத்த என்னும் ஊரில் ஒரு துண்டு நிலம் விலைக்கு வருவதாக அவர் கேள்வியுற்றார், நன்கு விசாரித்தார், பின்னரே வாங்கினார்.

அவர் எவற்றைப் பார்த்தார் என்பது 1681இல் இலண்டனில் அச்சேறிய அவருடைய நூலில் உள்ளது. நிலத்தின் மூன்று பக்கமும் நெல்வயல், நீர்வளம் உண்டு, எட்டுத் தென்னைகளும் பலவகைக் கனிமரங்களும் நின்றன. நெடுங்காலம் ஆளில்லாமையால் புதர் மண்டி, வீடு இருந்ததற்கான அடையாளமே அற்றிருந்தது. விலை 25 இலாரின் நாணயம். அந்நாட்டுக் கணக்கில் அது பெருந்தொகை. ஓலையில் உறுதி எழுதப்பட்டு, ஊரின் மதிப்புள்ளோர் ஏழெட்டுப்பேர் சாட்சியாக நின்றனர். நீர், மரம், ஓலை, சாட்சி என்ற இந்நான்கையும் ஆராய்ந்த நொக்ஸ், சுவரை ஆராய வேண்டியவராக இருக்கவில்லை. வீட்டைப் பிறகு தாமே நண்பர் சிலருடன் கட்டிக்கொண்டார்.

சுவரை ஆராயும் வழக்கம் அக்காலக் கண்டியில் வேரூன்றாமைக்குக் காரணமும் அந்நூலிலேயே கிடைக்கின்றது. குடிமக்கள் ஒரு தட்டுக்கு மேல் வீடு கட்டலாகாது, ஓடு வேயலாகாது, சுவருக்குச் சுண்ணாம்பு பூசலாகாது. கம்பும் வரிச்சும் களிமண்ணும் வைக்கோலுமே அவர்களுக்கு விதிக்கப்பட்ட பொருள்கள். இவ்விதி மக்களின் பாதுகாப்பை எண்ணி எழுந்ததன்று. அரண்மனைக்கும் குடிசைக்கும் இடையிலுள்ள உயரத்தைக் காப்பதற்காக எழுந்தது. ஆயினும் எண்ணாத நன்மையொன்று அதனால் விளைந்தது. மலைச்சரிவின்மீது பாரம் ஏறவில்லை. மண்வீடு சாய்ந்தால் அதை மீண்டும் எழுப்பச் சில நாள் உழைப்புப் போதும்.

நிலத்தைச் சோதிக்கும் அறிவு நம்மவர்க்கு இல்லாதிருந்தது என்று கொள்ளலாகாது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சங்கிதையிலேயே அது உண்டு. மனையின் நடுவே ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்ப இடவேண்டும். மண் மிஞ்சினால் நிலம் உத்தமம், ஒத்து நின்றால் மத்திமம், குறைந்தால் அதமம். குழியில் நீரை நிரப்பி நூறடி நடந்து திரும்பி வந்து, நீர் வற்றியதா என்று பார்ப்பது மற்றொரு சோதனை. இறுகிய மண் தோண்டப்பட்டதும் பருத்து மிஞ்சும். கொட்டி நிரப்பிய தளர்மண் குறைந்து போகும். இன்றைய மண்ணியல் அறிஞர் கருவிகொண்டு செய்யும் ஆய்வின் மூதாதை இது என்று சொல்வதில் தவறில்லை. வியப்பு யாதெனில், வாசற்கால் எத்தனை அடி, அறை எத்தனை முழம் என்னும் மனையடிக் கணக்குகளை மட்டும் பேணிக்கொண்ட நம் மக்கள், குழி தோண்டும் பகுதியை மெல்ல மறந்துவிட்டனர்.

1815இல் இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகள் அழிக்கப்பட்டன. ஓடும் சுண்ணாம்பும் கல்லும் யாவர்க்கும் பொதுவாயின. பாரம் மலையேறத் தொடங்கிற்று. அதே வேளையில் அரசாங்கம் தாள்களையே ஒழுங்கு செய்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டுமென விதித்தது. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கண்டியர் சட்டம் வாய்திறவாத இடங்களில் கரையோர மாகாணங்களின் சட்டமே செல்லும் என்றது. இவ்வாறு உரோம ஒல்லாந்தச் சட்டம், ஒல்லாந்தர் ஒருநாளும் ஆண்டு நிலைக்காத கண்டிக்குள் நுழைந்தது. அதனுள் ஒரு பழைய விதி உண்டு. பண்டை உரோமாபுரிச் சந்தையில் அடிமையையோ கால்நடையையோ விற்பவன், அதன் மறைந்த குறையைச் சொல்லியாக வேண்டும். இல்லையேல் வாங்கியவன் பொருளைத் திருப்பிவிடவோ விலையைக் குறைக்கவோ கேட்கலாம். அவ்விதியே காலப்போக்கில் வீட்டுக்கும் பொருந்தியது. ஆனால் கண்ணுக்குப் புலப்படும் குறையை அது காப்பதில்லை. வெடித்த சுவரைப் பார்த்தும் பாராதது போல் வாங்கியவர், வழக்குமன்றத்திற் பெரிதும் எதிர்பார்க்க முடியாது.

1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகரத் திருத்தக் கட்டளைச் சட்டமே கட்டிடத்தின் உடலைத் தொட்டது. வரைபடத்துக்கு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். கட்டி முடித்தபின் இணக்கச் சான்றிதழ் வேண்டும். வீடு வாங்குவோர் இன்றும் முதலிற் கேட்கவேண்டிய தாள் இச்சான்றிதழே. மேலதிகமாக எழுப்பப்பட்ட தட்டு அச்சான்றிதழில் உள்ளதா என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

மண்ணை ஆராயும் அரச நிறுவனம் தோன்ற மேலும் பல்லாண்டுகள் சென்றன. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 1984இல் அமைக்கப்பட்டது. மண்சரிவு அபாய வலயங்களைக் காட்டும் படங்களை அது 1990களிலிருந்து வரைந்து வருகின்றது. கண்டி மாவட்டமும் அவற்றுள் அடங்கும். மண்சரிவுக்கு இலக்கான மாவட்டங்களிற் கட்டிடம் எழுப்ப அந்நிறுவனத்தின் பரிந்துரை வேண்டுமென 2011இல் சுற்றறிக்கை வெளிவந்தது. அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகள் எண்ணற்றவை. அவற்றை வாங்குவோருக்கு அச்சுற்றறிக்கையால் தானாக ஒரு காப்பும் கிட்டுவதில்லை.

2020 செப்டெம்பர் 20ஆந் தேதி அதிகாலையில் கண்டி நகரை அடுத்த பூவெலிகடையில் ஐந்து தட்டுக் கட்டிடமொன்று இடிந்து, அருகிலிருந்த வீட்டின்மீது விழுந்தது. தாயும் தந்தையும் கைக்குழந்தையும் மாண்டனர். மாண்டவர்கள் அந்தக் கட்டிடத்தை வாங்கியவர்களோ கட்டியவர்களோ அல்லர். அதன் பக்கத்தில் உறங்கியவர்கள். மலைநாட்டில் ஒரு வீட்டை ஆராய்பவர் எல்லைக்கல்லோடு நின்றுவிடலாகாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை. அதே ஆண்டின் ஆகத்து மாதத்தில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய திகன, ஹாரகம பகுதிகளில் நிலம் சிறிது அதிர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் பல இடங்களிற் சரிந்து பேருயிர்ச்சேதம் விளைத்தன.

இவ்விடத்தில் தோட்டத்து மக்களையும் நினைத்தல் தகும். வாங்குவோருக்கு மறுக்கும் உரிமை உண்டு. லயத்தில் வாழ்வோருக்கு அது இருந்ததில்லை. பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் ஆபத்து இருப்பதாக 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறு வீடில்லாதோர் அங்கேயே இருந்தனர். 2014 ஒக்டோபர் 29இல் மலை இறங்கியது.

விற்பனைக்கு வரும் வீடுகளை ஆராய்ந்து அறிக்கை தருதல் மேலைநாடுகளில் தனித்தொழிலாக வளர்ந்துள்ளது. இங்கிலாந்தின் அளவையாளர் சங்கம் 1868இல் தோன்றியது. அமெரிக்காவில் வீட்டு ஆய்வாளர் சங்கம் 1976இல் அமைந்தது. இலங்கையில் வாங்குமுன் இத்தகைய ஆய்வு நடத்தவேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் கடனுக்கு ஈடான விலை உண்டா என்று பார்க்கிறார்; சட்டத்தரணி உறுதிகளின் தொடர்ச்சியைப் பார்க்கிறார். அத்திவாரத்தைப் பார்ப்பது இருவரின் பணியும் அன்று. அதற்குப் பட்டயப் பொறியியலாளர் ஒருவரைத் தனியே அமர்த்த வேண்டும். வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் அவருக்குக் கொடுக்கும் கட்டணம் சிறிது.

அவர் பார்ப்பவை பூச்சின் மேலுள்ள மயிரிழைக் கீறல்கள் அல்ல. யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, திடீரெனப் பூட்ட மறுக்கும் கதவு, ஒருபக்கம் சாய்ந்த மரங்கள், புதிதாய்ப் பிறந்த ஊற்று, மேல்வீட்டுப் பீலித்தண்ணீர் வந்து விழும் இடம் ஆகியவற்றையே அவர் தேடுகிறார். கூரை வளைகளிற் கறையானும், சுவரடியில் ஈரமும் பின்னர்த்தான். தாங்குமதிலில் நீர் வெளியேறத் துளைகள் விடப்பட்டுள்ளனவா என்பதை வாங்குவோர் தாமே பார்க்கலாம். ஆனால் பார்க்கும் காலம் முக்கியம். தரகர்கள் விரும்புவது மாசி மாதத்து வெயிலை. ஐப்பசி, கார்த்திகையிற் பத்துநாள் மழை பெய்தபின் போனால், அத்துளைகளால் நீர் ஒழுகுகின்றதா, அன்றி மதிலே வயிறு தள்ளி நிற்கின்றதா என்பதை நேரிற் காணலாம்.