சிலம்பியும் செந்நெல்லும்

நெற்போரைக் கண்டு பூதங்களின் ஆட்டத்தை நினைந்த புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். களத்தில் அடுக்கிய போர்களின்மேல் சிலம்பியின் வெண்ணூல் படர்ந்திருப்பதைப் பெரும்பாணாற்றுப்படையில் பாடும் அவர், வெள்ளாடை உடுத்துக் கைகோத்துத் துணங்கை ஆடும் பூதங்களை அதற்கு உவமையாக்குகிறார். உவமையின் நயத்தைப் பாராட்டுவோர், அதனுள் பொதிந்த வேளாண் செய்தியைப் பெரும்பாலும் கருதுவதில்லை. போர் முழுவதையும் போர்க்கும் அளவுக்கு நூல் இருந்ததெனின், விளைவயலில் சிலம்பிகள் மிகுந்திருந்தன என்பதே பொருள். புலவர் அவற்றை அழுக்கெனக் கருதவில்லை; செழிப்பின் அடையாளமாகவே காட்டினார்.

அழுக்கா, அணியா என்னும் வினா திருவானைக்காவில் வேறு வடிவில் எழுகிறது. வெண்ணாவலின் சருகுகள் இறைவன்மேல் உதிராதிருக்கச் சிலந்தி விதானம் இழைத்தது. அதனைத் தூய்மைக்கு இழுக்கென எண்ணிய யானை சிதைத்தது. அச்சிலந்தியே கோச்செங்கட் சோழராகப் பிறந்தது எனப் பெரியபுராணம் கூறும். நெல்லையப்பர் கோயிலில் அறுபத்துமூவர் வரிசையை வணங்கிச் செல்வோர், முற்பிறப்பில் சிலந்தியாயிருந்த ஒருவரையும் வணங்கியே செல்கின்றனர்.

எனினும் இம்மதிப்பு கோயிலோடு நின்றது, வயலுக்கு வரவில்லை. பேச்சு வழக்கில் சிலம்பி ‘எட்டுக்கால் பூச்சி’ ஆயிற்று. பூச்சிக்குக் கால் ஆறே. எட்டுக்கால் உடையது பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. ஆனால் பெயரில் பூச்சி என்று இருந்தமையால், பூச்சிக்கு அடித்த நஞ்சு இதற்கும் உரியதாகக் கொள்ளப்பட்டது போலும். அந்நஞ்சுக்கு ‘மருந்து’ என்று பெயரிட்டதும் நம் வழக்கே.

1966இல் ஐ.ஆர்.8 வெளியானதைத் தொடர்ந்து, உயர்விளைச்சல் நெல்லும் உரமும் நஞ்சும் ஆசியாவெங்கும் ஒருங்கே பரவின. 1937இல் நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்த அம்பாசமுத்திரத்திலிருந்து 1986இல் வந்த ‘அம்பை 16’ தாமிரபரணிக் கரையின் கார்ப்பருவத்தில் நிலைபெற்றது. 1970களில் ஆசிய வயல்களைப் புகையான் தாக்கியபோது மேலும் மேலும் மருந்தடித்தனர். புகையானும் மேலும் மேலும் பெருகிற்று. பிலிப்பைன்சில் பீட்டர் கென்மோர் நிகழ்த்திய ஆய்வு இதன் காரணத்தை விளக்கியது. புகையானின் முட்டை இலையுறையின் உள்ளே பதிந்திருப்பதால் நஞ்சுக்குத் தப்பும். வெளியே அலையும் சிலந்தி மடியும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளுக்குப் பகை இல்லாமற் போகும். ஓநாய்ச் சிலந்தி ஒன்று நாளொன்றுக்கு 5 முதல் 15 இரைகளை உண்ணும் என அறியும்போது இழப்பின் அளவு விளங்கும். இந்தோனேசிய அரசு 1986இல் 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது.

தடை ஆணையால் மட்டும் உழவர் மனம் மாறிவிடாது. 1989இல் அந்நாட்டில் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி இதற்குக் கையாண்ட கருவி ஓவியம் என்பது வியப்புக்குரியது. ஏறத்தாழ 25 உழவர்கள் ஐவர் ஐவராகப் பிரிந்து காலையில் வயலில் இறங்குவர். நெற்குத்துகளை அடிமுதல் நுனிவரை ஆராய்வர். பின் நிழலில் அமர்ந்து பெருந்தாளில் வண்ணக்கோல்களால் வரைவர். நடுவே நெற்பயிர், ஒருபுறம் தீமை செய்யும் பூச்சிகள், மறுபுறம் சிலந்தி, தட்டான் முதலிய நன்மை செய்வன, அவற்றோடு எண்ணிக்கையும், வயலின் நீரளவும், வானிலையும். அன்று மருந்தடிக்க வேண்டுமா என்பதை அப்படத்தைப் பார்த்தே விவாதிப்பர். முன்பு பகையை மட்டும் எண்ணிய கண், வரையும்போது நட்பையும் எண்ணியாக வேண்டியதாயிற்று. சிலந்தியைப் புகையானோடு குப்பியில் இட்டு, வாயைத் துணியால் மூடி, அது உண்பதை நேரிற் காணும் பாடமும் உண்டு. 1990களில் இம்முறை இந்தியாவுக்கும் வந்து, தமிழக நெல்வயல்களிலும் நடத்தப்பட்டது.

அர்ஜென்டினாவைச் சேர்ந்த தொமாஸ் சரசேனோ சிலந்தி ஆய்வாளர்களுடன் இணைந்து, மெய்யான வலைகளையே கலைப்படைப்புகளாக 2018இல் பாரிசில் காட்சிக்கு வைத்தார். கலையும் அறிவியலும் கைகோத்த செயலென உலகம் அதனைப் பாராட்டியது, தகும். ஆனால் அதற்கு ஏறத்தாழ முப்பதாண்டு முன்னரே சேற்றுக்கால்களோடு அமர்ந்து வரைந்தவர்களின் படங்களைக் கலை என்று எவரும் அழைத்ததில்லை. எட்டுக்காலையும் ஆறுகாலையும் பிழையின்றி வேறுபடுத்தி வரைந்த கைகள் அவை. நெல்வயல் சிலந்திகளைப் பற்றி பாரியோனும் லிட்சிங்கரும் 1995இல் வெளியிட்ட பெருநூலின் கோட்டோவியங்களோடு ஒப்பிட்டால் அவை முரடானவைதாம். ஆயினும் மருந்தடிப்பதா வேண்டாவா என்பதை அந்த முரட்டுப் படங்களே தீர்மானித்தன.

இன்று அறுவடை எந்திரத்தின் வரவால் தாமிரபரணிக் கரையிலும் போர் அடுக்கும் வழக்கம் அருகிவிட்டது. அறுவடைக்குப் பின் சிலந்திகள் தங்குதற்கு வரப்புகளில் வைக்கோற் கட்டுகளை இட்டுவைக்கலாம் என்பது வேளாண் அறிஞர் கூறும் முறைகளுள் ஒன்று. பிசான அறுவடை முடிந்தபின் அக்கட்டுகளை விரித்துப் பார்ப்பவர், உருத்திரங்கண்ணனார் கண்ட வெண்ணூலை அங்கே காணலாம்.