சில்லுக்குள் குறுக்குப்பேச்சு

கணினிச் சில்லில் ஒரு கம்பியில் ஓடும் சைகை, பக்கத்துக் கம்பியைத் தொடாமலேயே அதன் மின்னழுத்தத்தைக் குலைத்துவிடும் கோளாறுதான் குறுக்குப்பேச்சு. கிராஸ்டாக் என்ற பெயர் தொலைபேசியிலிருந்து வந்தது. லேண்ட்லைன் காலத்தில் மதுரையிலும் அலங்காநல்லூரிலும் ரிசீவரை எடுத்தவர்கள் காதில், யார் வீட்டுக் கல்யாணப் பேச்சோ விழுந்ததுண்டு. அதற்கு மருந்தாக இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கும் உத்திக்கு 1881இல் கிரகாம் பெல் காப்புரிமை பெற்றார். சில்லில் அப்படி முறுக்க இடமில்லை.

நடுவே மின்காப்புப் பொருள் இருக்க, இரண்டு உலோகக் கம்பிகள் அருகருகே ஓடினால் அவை தாமாகவே ஒரு கெப்பாசிட்டர் ஆகிவிடுகின்றன. ஒன்றில் மின்னழுத்தம் சட்டென்று ஏறும்போது மற்றதும் ஆட்டம் காண்கிறது. அந்த மற்றது சும்மா இருந்தால் ஒரு பொய்த் துடிப்பு எழும். எதிர்த்திசையில் மாறிக்கொண்டிருந்தால் அதன் சைகை தாமதமாகும். ஒரே திசையில் என்றால் சீக்கிரமே வந்துவிடும். சீக்கிரம் வருவது நல்லதுதானே என்று தோன்றலாம். இல்லை, அதுவும் கடிகாரக் கணக்கைக் கெடுக்கும். தொல்லை தரும் கம்பியை ‘அக்ரஸர்’ என்றும், படும் கம்பியை ‘விக்டிம்’ என்றும் வடிவமைப்பாளர்கள் சொல்வார்கள்.

1990களின் பிற்பகுதி வரை இது பெரிய தலைவலியாக இல்லை. கம்பிகளின் அகலம் குறையக் குறைய மின்தடை ஏறாமலிருக்க, உயரத்தை அதே அளவுக்குக் குறைக்காமல் விட்டார்கள். வினை அங்கேதான். ஒல்லியாக நெட்டுக்குத்தாய் நின்ற கம்பிகளின் பக்கவாட்டு முகங்கள் நெருங்கி எதிரெதிரே நின்றன. 1997இல் ஐபிஎம் அறிவித்த செம்புக் கம்பி, அலுமினியத்தைவிட மின்தடை குறைவு என்பதால் சற்று மூச்சுவிட வழி தந்தது. காப்புப் பொருளும் மாறியது: சிலிக்கன் ஆக்சைடின் மின்காப்பு மாறிலி ஏறக்குறைய 3.9; கார்பன் கலந்தால் அது 3ஐ ஒட்டி இறங்கும், கம்பிகளுக்கிடையேயான பிணைப்பும் தளரும். இன்டெல்லின் 14 நானோமீட்டர் சில்லுகளில் சில அடுக்குகளின் கம்பிகளுக்கிடையே காற்று இடைவெளியே விடப்பட்டது.

மீதி வேலை வடிவமைப்பாளர் தலையில். கம்பிகளைத் தள்ளிப் போடுவது, நடுவே தரை மின்னழுத்தக் கம்பி ஒன்றைக் காவலுக்கு நிறுத்துவது, அடுத்தடுத்த அடுக்குகளைக் குறுக்குநெடுக்காக ஓட்டுவது, நீண்ட கம்பியைச் சைகைக்கு வலுவூட்டும் பஃபரால் துண்டாடுவது. ஒவ்வொன்றும் இடத்தையோ மின்சாரத்தையோ தின்னும். ஆகவே, இரு கம்பிகளும் உண்மையிலேயே ஒரே நொடித்துளியில் மாறுமா என்பதை மென்பொருள் முதலில் கணக்கிடும்; மாறாதென்றால் அந்தச் சோடியை விட்டுவிடலாம்.

இந்த வேலை ஒருமுறையோடு முடிவதில்லை. சென்னை ஐஐடியில் வீ. காமகோடி தலைமையில் உருவான ‘சக்தி’ செயலிக் குடும்பம் 2018இல் இரு இடங்களில் சில்லானது. ரைஸ்கிரீக் என்ற சில்லு அமெரிக்காவின் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில். ரிமோ என்ற சில்லு சண்டிகர் அருகே மொகாலியில் உள்ள எஸ்சிஎல் ஆலையில் 180 நானோமீட்டரில். மூல வடிவம் எதுவானாலும், ஆலை மாறினால் கம்பிகளின் அகலம், உயரம், இடைவெளி எல்லாமே மாறும். கம்பிப் பாதையைப் புதிதாகப் போட்டு, குறுக்குப்பேச்சுச் சோதனையையும் முதலிலிருந்தே நடத்த வேண்டியிருக்கும்.