கோப்பில் ஏற்கனவே இருந்தது

போன வருஷம் எங்கள் டீமின் ப்ராஜெக்ட் ஒன்று மொத்தமாகச் சொதப்பியது. அதற்கு முந்தைய வாரம் வரை ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் எல்லாக் கட்டமும் பச்சை. வெளியிலிருந்து ஓர் ஆடிட்டரைக் கூட்டிவந்தார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து அவர் எழுதியதில் பாதிக்கு மேல் நாங்களே டிக்கெட்டிலும் சாட்டிலும் எழுதிவைத்தவை. "இதைத்தானே நான் மார்ச்லயே சொன்னேன்" என்று பக்கத்து சீட் தோழி சிரித்தாள். சொன்னாள்தான். ஆனால் சொன்னது எங்கள் மேனேஜரிடம். அவருக்கு அந்தப் பச்சை தேவைப்பட்டது.

இதே கதையைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் மோர்ஸ் அறிக்கைக்குப் போகலாம்.

1985இல் உலக வங்கி, நர்மதையில் சர்தார் சரோவர் அணைக்கும் கால்வாய்க்குமாக 45 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. மூன்று மாநிலங்களில் 245 கிராமங்கள் பாதிக்கப்படும். அதில் 193 மத்தியப் பிரதேசத்தில். கையெழுத்தாகும்போது மக்களை எங்கே குடியமர்த்துவது என்பதற்கு முழுமையான திட்டம் இல்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அனுமதியும் இல்லை. அது 1987இல்தான் வந்தது, அதுவும் நிபந்தனைகளோடு. வங்கிக்கு இதெல்லாம் தெரியாதா? நல்லாவே தெரியும். தேயர் ஸ்கடர் என்ற மானுடவியலாளரை 1983இலேயே வங்கி ஆலோசகராக அனுப்பியிருந்தது. மறுகுடியமர்வு ஏற்பாடுகள் போதாது என்று அவர் சொல்லியும் விட்டார். கடன் அதன் பாட்டுக்கு நகர்ந்தது.

1991இல், பள்ளத்தாக்கு மக்களின் போராட்டமும் மேதா பட்கரின் உண்ணாவிரதமும் உலகச் செய்தியான பிறகு, வங்கித் தலைவர் பார்பர் கோனபிள் ஒரு சுயேச்சையான ஆய்வுக்கு ஒத்துக்கொண்டார். தலைவர் பிராட்ஃபோர்ட் மோர்ஸ், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் முன்னாள் தலைவர். துணைத் தலைவர் தாமஸ் பெர்கர், கனடாவின் முன்னாள் நீதிபதி. மெக்கென்சி பள்ளத்தாக்கு எரிவாயுக் குழாய்த் திட்டத்தை விசாரிக்க ஊர் ஊராகப் போய் பழங்குடிகளிடம் கேட்டவர் இந்த பெர்கர். தனி பட்ஜெட், வங்கியின் எல்லாக் கோப்புகளும் திறந்திருக்கும், அறிக்கையை வெளியிடும் உரிமை தங்களிடம்: இவைதான் அவர்கள் பெற்றுக்கொண்ட நிபந்தனைகள். என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் தாங்கியது.

1992 ஜூனில் அறிக்கை வந்தது. அன்றைய சூழலில் எல்லோரையும் முறையாகக் குடியமர்த்துவது சாத்தியமில்லை, சுற்றுச்சூழல் விளைவுகளைச் சரியாகப் பரிசீலிக்கவே இல்லை, வங்கி பின்வாங்கி யோசிக்க வேண்டும் என்றது. இதில் கணிசமானவற்றுக்கு ஆதாரம் வங்கியின் சொந்தக் கோப்புகளிலேயே இருந்தது.

ஆனால் உள்ளே இருப்பவர்கள் கேட்காத கேள்வி ஒன்றும் அதில் உண்டு. 'பாதிக்கப்பட்டவர்' என்றால் யார்? அணை நீரில் நிலம் மூழ்கினால் பாதிக்கப்பட்டவர். கால்வாய்க்கு நிலம் போனால்? அந்தப் பட்டியலில் பெயர் வராது. கால்வாயாலும் பாசன அமைப்பாலும் சுமார் 1,40,000 விவசாயிகள் பாதிக்கப்படலாம் என்றது மோர்ஸ் குழு. தலைமுறைகளாக உழுதும் பட்டா இல்லாத பழங்குடிகளோ 'ஆக்கிரமிப்பாளர்கள்'. நூற்றுக்கு எத்தனை பேரைக் குடியமர்த்தினோம் என்று உள்மதிப்பீடு எண்ணிக்கொண்டிருந்தது. அந்த நூறு எப்படி வந்தது என்று வெளியாள்தான் கேட்டார்.

குழுவுக்கும் வரம்பு இருந்தது. அதன் பணி மறுகுடியமர்வும் சுற்றுச்சூழலும்தான். கச்சுக்கும் சௌராஷ்டிராவுக்கும் தண்ணீர் போகும் என்ற நன்மைப் பக்கத்தை எடைபோடவில்லை என்று குஜராத்திலிருந்து கோபம் வந்தது. அந்தக் கோபத்தை வெறும் அரசியல் என்று நான் ஒதுக்க மாட்டேன்.

வங்கி நிர்வாகம் செய்ததுதான் வேடிக்கை. 'அடுத்த கட்டங்கள்' என்ற தலைப்பில் ஓர் ஆவணம் தயாரித்து, அறிக்கை சொன்னதைத் தனக்கு ஏற்றபடி சுருக்கியது. மோர்ஸும் பெர்கரும் 1992 அக்டோபரில் புதிய தலைவர் லூயிஸ் ப்ரெஸ்டனுக்கு நேராகவே கடிதம் எழுதினார்கள்: எங்கள் முடிவுகளை இது திரித்துச் சொல்கிறது. சம்பளத்தில் இருக்கும் ஒருவர் இப்படி ஒரு கடிதம் எழுதிவிட்டு மறுநாள் ஆபீஸ் போக முடியுமா? அப்படியும் இயக்குநர் குழு, சில இலக்குகளை விதித்து, கடனைத் தொடரவே வாக்களித்தது.

அதே 1992இல் வங்கியின் துணைத் தலைவர் வில்லி வாப்பன்ஹான்ஸ் உள்ளேயிருந்தே இன்னோர் அறிக்கை எழுதினார். 1981இல் முடிந்த திட்டங்களில் 15 சதவீதம் திருப்தியற்றவை என்றால், 1991இல் அது 37.5 சதவீதம். காரணமாக அவர் காட்டியது, கடனுக்கு ஒப்புதல் வாங்குவதையே சாதனையாகக் கொள்ளும் பழக்கத்தை. கொடுத்த பின் என்ன ஆச்சு என்று பார்ப்பவருக்கு அங்கே மரியாதை குறைவு. மோர்ஸ் ஓர் அணையைப் பார்த்தார். அந்த அணைக்கு அப்படி ஏன் கையெழுத்தானது என்பதை, பல வருஷம் அதே மேஜைகளில் உட்கார்ந்தவரால்தான் சொல்ல முடிந்தது.

1993 மார்ச்சில், இலக்குகளின் கெடு முடியும் நேரத்தில், மீதிக் கடன் வேண்டாம் என்று இந்தியா சொல்லிவிட்டது. வெற்றி என்று கொண்டாடினார்கள். நியாயம்தான். ஆனால் கடனோடு சேர்ந்து, கோப்பைத் திறந்து காட்டு என்று கேட்கும் பிடியும் போனது. அந்த வருஷம் செப்டம்பரில் வங்கி ஒரு நிரந்தர ஆய்வுக் குழுவை உருவாக்கியது. அதன் கடன் திட்டங்களால் பாதிக்கப்படுவோர் அங்கே முறையிடலாம். நர்மதையில் அதற்குள் வங்கி இல்லை. 2017 செப்டம்பரில் 138.68 மீட்டர் உயரத்தோடு அணையை நாட்டுக்கு அர்ப்பணித்தபோது, மேலே பள்ளத்தாக்கில் ஆட்கள் தண்ணீரில் நின்று மறுகுடியமர்வு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.