கட்டுச்சோறு முதல் எவர்சில்வர் டப்பா வரை



மலர்க்குழு நண்பர்கள் போன் பண்ணி, "எதைப் பற்றி வேணும்னாலும் எழுதுப்பா, ஆனா ரெண்டு வாரத்துல கொடுத்துடு" என்றார்கள். என்ஜினியர் ஆயிற்றே, மோட்டார், பாலம் என்று எதையாவது எழுதுவான் என நினைத்திருப்பார்கள். நான் எழுதப் போவது மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைப் பற்றி. சிரிக்காதீர்கள்! நாலு வருஷம் படித்த பாடத்தில் பாதி மறந்து போச்சு. ஆனால் பகல் ஒரு மணிக்கு டப்பா மூடியைத் திறந்ததும் வகுப்பு முழுக்கப் பரவிய வாசனை யாருக்காவது மறந்ததா? அந்த டப்பாவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. நாம் படித்த சரித்திரப் புத்தகத்தில் அதற்கு இடமில்லாமல் போனது, அவ்வளவுதான்.

வழிநடைச் சோறு

வெளியே கிளம்புகிறவர் கையில் சோறு கட்டிக் கொடுப்பது நம்மிடம் மிகப் பழைய வழக்கம். கட்டுச்சோறு, பொதிசோறு, கட்டமுது என்று அதற்கு எத்தனை பெயர்கள்! நம் பக்கத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்திலேயே பொதிசோறு வருகிறது. சீர்காழிக்கு அருகே திருக்குருகாவூர் வழியில் பசியோடும் தாகத்தோடும் வந்த சுந்தரருக்கும், திருச்சிக்கு அருகே திருப்பைஞ்ஞீலி வழியில் களைத்து வந்த அப்பருக்கும், சிவபெருமானே வேதியர் வடிவில் வந்து பொதிசோறும் தண்ணீரும் கொடுத்ததாகக் கதை. நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவர் விடட்டும். பசித்து வருகிறவனுக்குச் சோறு கட்டி எடுத்துப்போய்க் காத்திருப்பது கடவுளே செய்யத்தக்க வேலை என்று நம் முன்னோர் நினைத்தார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

அந்தக் காலத்துக் கட்டுச்சோற்றில் மிளகாய் இருந்திருக்க முடியாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு, 16-ஆம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்குள் நுழைந்தது. அதற்கு முன் காரம் என்றால் மிளகுதான். தக்காளியும் உருளைக்கிழங்கும் அதே கண்டத்திலிருந்து வந்தவைதான். ஆகவே நாம் ஹாஸ்டல் நாட்களில் "நம்ம ஊர் சாப்பாடு" என்று உருகிய தக்காளி சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் புதுசாக வந்து ஒட்டிக்கொண்ட சொந்தங்கள்! புளியும் எள் எண்ணெயும் தயிரும்தான் பழைய ஆட்கள்.

பாத்திரம் மாறிய கதை

முதலில் வாட்டிய வாழை இலையும் துணியும். பிறகு பித்தளைத் தூக்கு, அடுக்கு. பித்தளையில் புளிப்பை வைத்தால் செம்பு கரைந்து பச்சையாகக் களிம்பு ஏறும். அதனால்தான் தெருவில் "ஈயம் பூசறதே!" என்று குரல் கேட்டதும் பாட்டிமார்கள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அடுத்து வந்தது அலுமினியம். இதில் நம் சென்னைக்கும், குறிப்பாக நம்மைப் போன்ற என்ஜினியர்களுக்கும் ஒரு பெருமை உண்டு. சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1898-ல் இங்கே கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கி வைத்தார். அதிலிருந்து 1900-ல் ஒரு கம்பெனியே பிறந்தது. அலுமினியம் லேசு, விலையும் மலிவு. ஆனால் புளிப்புக்கு அதுவும் முழுசாகத் தாக்குப்பிடிக்காது.

1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகைச் செய்தார். குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கும். கீறினாலும் அந்தப் படலம் தானே மறுபடி வளரும். நம் அம்மாக்கள் வைத்த பெயர் இன்னும் அழகு: எவர்சில்வர்! 1981-ல் சேலம் உருக்காலையிலும் இந்த எஃகுத் தகடு உருள ஆரம்பித்தது. புளிசாதத்துக்கு ஏற்ற டப்பா கிடைக்கத் தமிழன் பல நூற்றாண்டு காத்திருந்தான் என்று சொன்னால் மிகையில்லை.

நம் வட்டாரத்தில் டப்பாவை ஊரெல்லாம் பரப்பியது தொழிற்சாலைகள்தான். அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி, 1960-களில் ஆவடி டாங்கித் தொழிற்சாலை, அம்பத்தூர் எஸ்டேட் என்று வரிசையாக வந்தன. அதிகாலை ஷிப்டுக்குச் சைக்கிள் ஹேண்டிலில் டப்பா தொங்க அப்பாக்கள் போனார்கள். அந்த டப்பாவின் தம்பிதான் நம் கையில் இருந்தது.

ஓரணா டிபன்

படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் கட்டிக் கொடுக்க ஒன்றுமில்லை என்றால்? இந்தக் கேள்விக்கு முதல் பதில் நம் சென்னையில் கிடைத்தது. 1920-ல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு டிபன் கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. 1925-ல் நின்றுபோய் 1927-ல் மறுபடி வந்தது. 1956-ல் காமராசர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது.

எல்லாம் சரி. ஆனால் இந்த வரிசை பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடுகிறது, கவனித்தீர்களா? பத்தாம் வகுப்புப் பையனுக்குப் பசிக்கும், கல்லூரிப் பையனுக்குப் பசிக்காதா? இந்தக் கேள்வியை நான் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

பாரிவாக்கம் ஏரிக்கரையில்

நான் 2006-ல் சேர்ந்து 2010-ல் முடித்தவன். வீடு பாரிவாக்கம். அப்பா எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். காலை ஆறரைக்கு வேன் வந்துவிடும். அதற்குள் எனக்கு டப்பா தயாராக இருக்கும். கிலோ 2 ரூபாய் ரேஷன் அரிசி. ஊறவைத்து நாலு தண்ணி கழுவினாலும் அந்த வாடை லேசாக இருக்கும். அதை மறைக்கத்தான் அம்மா புளிசாதமும் எலுமிச்சம்பழ சாதமும் மாற்றி மாற்றிச் செய்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

முதல் வருஷம் எனக்கு அது வெட்கமாக இருந்தது. பக்கத்துப் பையன் டப்பாவில் பிரியாணி, நூடுல்ஸ். நான் என்ன செய்தேன் தெரியுமா? பஸ் ஏறுமுன் ஏரிக்கரையில் டப்பாவைக் கவிழ்த்து நாய்களுக்குப் போட்டுவிடுவேன். மத்தியானம் ஒரு டீயும் பன்னும். இப்படி இரண்டு மாதம். மாலையில் காலி டப்பாவைப் பார்த்து அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். "நல்லா இருந்துச்சாப்பா?" என்பார். "ம்" என்பேன்.

எங்கள் வகுப்பில் தென்மாவட்டத்து நண்பன் ஒருவன் வெளியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். மத்தியானம் எப்போதும் லைப்ரரியில் இருப்பான். கூப்பிட்டால், "எனக்கு மதியம் பசிக்காது மச்சான்" என்பான். ஒருநாள் லேட்டாகிவிட்டதால் டப்பாவைக் கவிழ்க்க முடியாமல் அப்படியே கொண்டு வந்துவிட்டேன். "எனக்கு வேணாம், நீ சாப்பிடறியா?" என்று அவனிடம் நீட்டினேன். பேசாமல் வாங்கினான். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு, டப்பாவைக் குழாயில் கழுவித் துடைத்துக் கொடுத்தான். "மதியச் சாப்பாட்டுக் காசைத்தான் வீட்டுக்கு அனுப்பறேன்டா. யார்கிட்டயும் சொல்லாத" என்றான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள், "அம்மா, பசி அதிகமா இருக்கு, கொஞ்சம் கூட வைம்மா" என்று கேட்டேன். அம்மா அடுத்த சைஸ் டப்பா வாங்கிவிட்டார். அதன் பிறகு நாலு வருஷமும் அந்த டப்பாவை இரண்டு பேர் சாப்பிட்டோம். பிறகு ஆறு பேராகி, மரத்தடியில் டப்பாக்களை நடுவில் வைத்துக் கைபோட்டுச் சாப்பிட்டதும், அம்மாவின் புளிசாதம் முதலில் காலியானதும் என் செட்டு நண்பர்களுக்கு நினைவிருக்கும். ஏரிக்கரை விஷயத்தை மட்டும் இதுவரை நான் அம்மாவிடம் சொன்னதில்லை. இந்த மலரை அவர் எழுத்துக்கூட்டி முழுசாகப் படிப்பார். மன்னிச்சுக்கோம்மா.

ஐந்து நாள், ஐந்து டப்பா

ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காகச் சில கைவழி:

திங்கள்: புளிசாதம். ஞாயிற்றுக்கிழமையே புளிக்காய்ச்சல் செய்துவிடுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்து, கெட்டிப் புளிக்கரைசல், மஞ்சள், உப்பு சேர்த்து எண்ணெய் மேலே பிரிந்து வரும்வரை கொதிக்க விடவும். கடைசியில் வறுத்த வெந்தயப் பொடி. புளிப்பும் உப்பும் அதிகம், தண்ணீர் குறைவு என்பதால் லேசில் கெடாது. ஈரக் கரண்டி மட்டும் படக்கூடாது.

செவ்வாய்: எலுமிச்சம்பழ சாதம். அடுப்பை அணைத்த பிறகே சாறு பிழியவும், கொதித்தால் கசக்கும்.

புதன்: இட்லி. மிளகாய்ப்பொடியை எண்ணெயில் குழைத்து இட்லி மேல் தடவி அடுக்கினால் சட்னி தேவையில்லை.

வியாழன்: தக்காளி சாதம், கூட ஓர் அவித்த முட்டை.

வெள்ளி: தயிர் சாதம். சோற்றைப் பாலில் குழைத்து, வெதுவெதுப்பானதும் ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விடுங்கள். ஒரு மணிக்குத் திறக்கும்போது புளிக்காமல் பதமாக இருக்கும்.

வெறும் சோறு மட்டும் போதாது. வறுத்த வேர்க்கடலையோ, ஒரு கைப்பிடி சுண்டலோ தினமும் சேருங்கள். இன்னொன்று: சூடாக டப்பாவை மூடாதீர்கள். ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகச் சொட்டினால் சோறு சீக்கிரம் நசநசத்துக் கெடும். தட்டில் பரப்பி ஆற வைத்து மூடுங்கள். அன்றைக்கு வடித்த சோறாக இருக்கட்டும். முந்தின ராத்திரி வெளியில் கிடந்த சோற்றில் கிருமி வளர்ந்திருக்கும். அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

ஒரு வேண்டுகோள்

நம் சங்கம் வருடாவருடம் கேடயம், பரிசு எல்லாம் கொடுக்கிறது. நல்லது. அதோடு கேன்டீனில் தினம் சில சாப்பாடுகளுக்கு நாம் முன்பணம் கட்டி வைத்தால் என்ன? பெயர் கேட்க வேண்டாம், பட்டியல் ஒட்ட வேண்டாம், போட்டோ வேண்டவே வேண்டாம். "பசிக்காது" என்று சொல்கிற பையன் கூச்சமில்லாமல் போய் ஒரு தட்டு எடுத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். ஓரணாவில் ஒரு மாநகராட்சி தொடங்கிய காரியம் இது. நம்மால் முடியாதா? முதல் மாதச் செலவை நானும் அந்த லைப்ரரி நண்பனும் ஏற்றுக்கொள்கிறோம். அவன் இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். இதை எழுதச் சொன்னவனும் அவன்தான்.

சந்திப்பு நாளன்று மத்தியானம் கேட்டரிங் சாப்பாடு உண்டாம். இருக்கட்டும். நான் வீட்டிலிருந்து ஒரு பெரிய டப்பா கொண்டு வருகிறேன். அதே மரத்தடி, அம்மா கைப் புளிசாதம். வாருங்கள், கைபோடலாம்!