சத்தியம் கேட்ட மகிழ மரம்

குளிர்காலத்தில் நிறம் நிறமாய்ப் பழுக்கும் அழகு மரம் என்றதும் பலருக்கு வெளிநாட்டு மரங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்குச் சில கிலோமீட்டர் தெற்கே, திருவொற்றியூர் தியாகராசர் கோயிலில் அப்படி ஒரு மரம் தல விருட்சமாகவே இருக்கிறது. அதுதான் மகிழ மரம்.

மகிழம்பூவை எல்லோருக்கும் தெரியும். காய்ந்த பிறகும் மணம் போகாத குட்டிப் பூ. குறிஞ்சிப்பாட்டு இதை வகுளம் என்கிறது. இந்தப் பூமாலை அணிந்ததால்தான் நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்று பெயர். இதன் இன்னொரு பெயரான இலஞ்சி, 1753இல் லின்னேயஸ் வைத்த 'மிமுசாப்ஸ் எலெங்கி' என்ற தாவரவியல் பெயருக்குள்ளும் புகுந்துவிட்டது! பாவம், பழத்தைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. பூத்துப் பல மாதங்கள் கழித்தே அது பழுக்கும். அதனால் குளிர் மாதங்களிலும் கரும்பச்சை இலைகளுக்கு நடுவே ஆரஞ்சும் சிவப்புமாகப் பழங்களைப் பார்க்கலாம். தின்றால் கொஞ்சம் இனிப்பு, நிறையத் துவர்ப்பு.

இந்த மரத்தடியில் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் கதை சுவையானது. திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கண்டு காதலித்த சுந்தரர், "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அவருக்கோ திருவாரூரில் பரவையார் இருக்கிறார். அதனால் சிவனிடம், "நான் சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீங்கள் மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். சிவன் சம்மதித்தார். சம்மதித்த கையோடு சங்கிலியாரின் கனவில் போய், "மகிழடியில் சத்தியம் கேள்" என்றும் சொல்லிவிட்டார்! ஒப்பந்தச் சட்டம் படிக்கும் வணிகவியல் மாணவர்கள் இந்த வழக்கை அவசியம் படிக்க வேண்டும். மரத்தடியிலேயே சத்தியம் செய்த சுந்தரர், பிறகு ஒருநாள் திருவாரூர் நினைவு வந்து ஊர் எல்லையைத் தாண்டினார். இரு கண்களும் போயின.

இது வெறும் ஏட்டுக்கதையாக நின்றுவிடவில்லை. சேக்கிழார் பாடிச் சில பத்தாண்டுகளுக்குள், இரண்டாம் இராசாதிராச சோழனின் 9ஆம் ஆட்சியாண்டில், பங்குனி உத்திரத்தன்று இறைவன் மகிழின் கீழ் எழுந்தருளியிருக்க, ஆளுடைய நம்பியின் (சுந்தரர்தான்) ஸ்ரீபுராணம் வாசிக்கப்பட்டதையும், அதை மன்னனே இருந்து கேட்டதையும் இக்கோயில் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. மாசி பிரம்மோற்சவத்தில் நடக்கும் மகிழடி சேவை, அந்தச் சத்தியத்தை இன்றும் நடத்திக் காட்டுகிறது.

பார்வை இழந்த சுந்தரருக்கு ஊன்றுகோல் கிடைத்த இடம் திருவெண்பாக்கம். கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டபோது பழைய ஊர் நீருக்குள் போனது. கோயிலை வேறிடத்தில் எழுப்பினார்கள். அதே ஆறுதான் முகத்துவாரக்குப்பத்தில் கடலில் சேர்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து படிந்ததும் இந்த முகத்துவாரத்தில்தான்.

வீட்டில் மகிழ மரம் வைக்க விரும்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. மரம் மெதுவாகத்தான் வளரும், பூவுக்கும் பழத்துக்கும் பல வருடங்கள் காத்திருக்க வேண்டும். ஆனால் ஆண்டு முழுவதும் பச்சை மாறாது, நிழல் அடர்த்தியாக விழும். மரத்தடியில் எதையும் சத்தியம் செய்யாமல் இருந்தால் சரி!