காத்திருக்க வைத்த குடியரசு: ஜெர்மனியில் புகலிட உரிமையின் வரலாறு

அரசியல் காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுவோர் புகலிட உரிமை உடையவர்கள் என்று, மேற்கு ஜெர்மனியில் 1949 மே 23 அன்று வெளியிடப்பட்ட அடிப்படைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அறிவித்தது. ஜெர்மன் மூலத்தில் நான்கே சொற்களில் அமைந்த அந்த வாசகத்தில் நிபந்தனையோ விதிவிலக்கோ எண்ணிக்கை வரம்போ இல்லை. சட்டத்தை வரைந்த நாடாளுமன்றப் பேரவையில் நாஜி ஆட்சியின்போது நாட்டைவிட்டு வெளியேறி அயல்நாட்டில் பிழைத்தவர்களும் இருந்தனர். 1930களில் யூதர்களும் அரசியல் எதிரிகளும் பல ஐரோப்பிய எல்லைகளில் திருப்பி அனுப்பப்பட்டதை அவர்கள் அனைவரும் அறிந்திருந்தனர். பன்னாட்டுச் சட்ட மரபில் புகலிடம் என்பது ஓர் அரசு தன் விருப்பப்படி அளிக்கும் சலுகை. 1951ஆம் ஆண்டின் ஜெனீவா அகதிகள் ஒப்பந்தம்கூட, அகதியை உயிருக்கோ விடுதலைக்கோ ஆபத்துள்ள நாட்டுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அரசுகளைக் கட்டுப்படுத்தியதே ஒழிய, புகலிடம் கோரிப் பெறும் உரிமையை அகதிக்கு வழங்கவில்லை. மேற்கு ஜெர்மனியோ அதை நீதிமன்றத்தில் வழக்காடிப் பெறத்தக்க தனிமனித உரிமையாக்கியது.

அந்த வாசகம் 44 ஆண்டுகள் மாறாமல் நின்றது. அதைத் திருத்த நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பதாலும், திருத்த முனைவது கடந்த காலத்தை மறுப்பதாகத் தோன்றும் என்பதாலும், ஆட்சியாளர்கள் அதைத் தொடாமல் அதைச் சூழ்ந்திருந்த அனைத்தையும் மாற்றினர். விசா விதிகள், வழக்கு நடைமுறை, தங்குமிடம், உணவு, வேலை, பயணம் என்று அகதியின் அன்றாட வாழ்வின் ஒவ்வொரு கூறும் வருவோரைத் தயங்க வைக்கும் கருவியாகத் திருத்தப்பட்டது. பிற்காலத்தில் அகதிகள் ஜெர்மானியச் சமூகத்தோடு ஒன்றவில்லை என்று எழுந்த குறையை இந்தப் பின்னணியில்தான் எடைபோட வேண்டும். பல ஆண்டுகளுக்கு அவர்கள் ஒன்றிவிடக் கூடாது என்பதே அரசின் எழுதப்பட்ட விதியாக இருந்தது.

தொடக்கத்தில் இத்தகைய கருவிகளுக்குத் தேவை எழவில்லை. 1953இல் நியூரம்பெர்க் நகரில் தொடங்கப்பட்டுப் பின்னர் அருகிலுள்ள சிர்ன்டார்ஃப் என்னும் ஊருக்கு மாறிய கூட்டாட்சி அலுவலகம், ஆண்டுக்குச் சில ஆயிரம் மனுக்களையே பெரும்பாலும் விசாரித்து வந்தது. மனுதாரர்களில் பெரும்பாலோர் சோவியத் ஆதிக்கத்திலிருந்த நாடுகளை விட்டு வந்தவர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் மேற்குலகின் மேன்மைக்குச் சான்றாகக் கருதப்பட்டனர். 1956இல் ஹங்கேரிய எழுச்சி நசுக்கப்பட்டபின் வெளியேறிய 2 லட்சம் பேரில் ஒரு பகுதியினரை மேற்கு ஜெர்மனி தயக்கமின்றி ஏற்றது. 1966இல் மாநில உள்துறை அமைச்சர்கள் ஒருபடி மேலே சென்று, கிழக்கு ஐரோப்பியரின் மனு தள்ளுபடியானாலும் அவர்களை நாடு கடத்துவதில்லை என்று முடிவு செய்தனர். வந்தவர்களைக் குடியமர்த்தும் கலையும் அந்நாட்டுக்குப் புதிதன்று. போரின் முடிவில் கிழக்குப் பகுதிகளிலிருந்து விரட்டப்பட்ட ஜெர்மானியர் ஏறக்குறைய 80 லட்சம் பேர் 1950க்குள் மேற்கு ஜெர்மனியில் சேர்ந்திருந்தனர். போரில் சொத்து இழக்காதவர்களிடம் வரி திரட்டி இழந்தவர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் சட்டம் ஒன்று 1952இல் அவர்களையும் கருதி இயற்றப்பட்டது.

நிலைமை 1970களில் திரும்பியது. துருக்கியிலிருந்தும் தென் ஐரோப்பாவிலிருந்தும் தொழிலாளர்களை அழைத்து வந்த திட்டம் 1973 நவம்பரில் நிறுத்தப்பட்டதால், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துக்கு வெளியேயிருந்து வர விரும்பியவர்களுக்குச் சட்டப்படி எஞ்சிய வழிகள் மிகச் சிலவாயின, அவற்றுள் புகலிடமும் ஒன்று. துருக்கியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய 1980இல் மனுக்களின் எண்ணிக்கை முதன்முறையாக ஒரு லட்சத்தைக் கடந்து 1,07,818 ஆனது. அந்த ஆண்டிலேயே இலங்கை, ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா ஆகிய நாடுகளின் குடிமக்களுக்கு விசா கட்டாயமாக்கப்பட்டது. புகலிட உரிமை எல்லைக்குள் கால் வைத்தவருக்கே பயன்படும் என்பதால், கால் வைப்பதைத் தடுக்கும் விசா விதி அரசமைப்பை மீறாமலே அதன் பயனைக் குறைத்தது. பின்னர் 1982இல் வந்த புகலிட நடைமுறைச் சட்டம் கூட்டு விடுதியில் தங்குவதைப் பொது விதியாக்கியது. மனுதாரர் தமக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியே செல்வதையும் தடுத்தது. வேலைத் தடை 1980இல் ஓராண்டாகத் தொடங்கி, ஈராண்டாக நீண்டு, 1987இல் ஐந்தாண்டாக வளர்ந்தது.

இந்த வேலிகளுக்கு நடுவே ஒரு பெரும் திறப்பு இருந்தது. அதன் பெயர் பெர்லின். நகரைப் பிரித்த சுவரைப் பன்னாட்டு எல்லையாக ஏற்றால் நாட்டின் பிரிவினையையே ஏற்றதாகும் என்பதால், மேற்கு பெர்லினில் ஆட்சியுரிமை கொண்டிருந்த மூன்று நேச நாடுகளும் மேற்கு ஜெர்மனியும் தங்கள் பக்கத்தில் முறையான எல்லைச் சோதனை வைக்கவில்லை. 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பின் இலங்கையை விட்டு வெளியேறிய தமிழர்களால், சோவியத் அல்லது கிழக்கு ஜெர்மன் விமானங்களில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கே இடைவழி விசா பெற்று, ஃபிரீட்ரிக் வீதி நிலையத்தில் ரயிலேறி, சில நிமிடங்களில் மேற்கு பெர்லினுக்குள் புகலிடம் கோரி நிற்க முடிந்தது. தன் குடிமக்களை வெளியே விடாமல் சுவர் எழுப்பிய கிழக்கு ஜெர்மனிக்கு அயலாரைக் கடத்திவிடுவதில் தயக்கம் இருக்கவில்லை. பயணச்சீட்டு விற்பனை அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்ததோடு, எதிர்த்தரப்பு அரசைச் சங்கடப்படுத்தவும் செய்தது. 1983இல் 19,737 ஆகக் குறைந்திருந்த மனுக்கள் 1985இல் 73,832 ஆக உயர்ந்தன. அவற்றில் ஏறக்குறைய 17,000 இலங்கையரின் மனுக்கள்.

மேற்கு ஜெர்மன் அரசு இந்தத் திறப்பை அடைக்கத் தன் போட்டி அரசின் உதவியையே நாட வேண்டியிருந்தது. 1985 ஜூலையில், மேற்கு ஜெர்மன் விசா இல்லாத தமிழர்களுக்கு இடைவழி அனுமதி வழங்குவதைக் கிழக்கு ஜெர்மனி நிறுத்தியது. இரு அரசுகளுக்கிடையிலான வணிகத்தில் கிழக்குக்கு அளிக்கப்பட்ட வட்டியில்லாக் கடனின் வரம்பு 85 கோடி கணக்கு அலகுகளாக உயர்த்தப்பட்டதும் அதே மாதத்தில்தான். ஈரானியர், லெபனானியர், பாலஸ்தீனர் உள்ளிட்ட பிறருக்கு வழி மேலும் ஓராண்டு திறந்திருந்தது. சமூக ஜனநாயகக் கட்சியின் எகோன் பார் பேச்சு நடத்தியபின், 1986 அக்டோபர் 1 முதல் சென்று சேரும் நாட்டின் விசா இல்லாத எவரையும் கடத்திவிடுவதில்லை என்று கிழக்கு ஜெர்மனி அறிவித்தது. அந்த ஆண்டில் 99,650 ஆக இருந்த மனுக்கள் அடுத்த ஆண்டில் 57,379 ஆகச் சரிந்தன. எல்லைக்கு வெளியே இன்னொரு அரசுக்கு ஈடு கொடுத்து அகதிகளைத் தடுக்கச் செய்யும் வழக்கம் 2016ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் துருக்கிக்கும் ஏற்பட்ட உடன்பாட்டோடு பிறந்ததாகக் கருதுவோர் இந்த முன்னிகழ்வையும் கணக்கில் கொள்ளலாம்.

உள்ளே வந்தவர்களும் தங்கிவிடும் நம்பிக்கையோடு இருக்கவில்லை. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் மீட்டனர். முதலில் இந்தியாவிலிருந்து புறப்பட்டதாகக் கூறிய அவர்கள் உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து சரக்குக் கப்பலில் வந்தவர்கள் என்பது சில நாட்களில் வெளியானபோது, பாதுகாப்பான நாட்டிலிருந்து வந்தவர்கள் எப்படி அகதிகளாவர் என்ற கேள்வி கனடாவில் எழுந்தது. வேலை செய்யவோ மாவட்டம் கடக்கவோ முடியாமல், மனு எப்போது முடியும் என்றறியாமல் விடுதியில் காத்திருந்த ஒருவருக்கு அட்லாண்டிக் கடல் ஏன் சிறிதாகத் தெரிந்தது என்பதை அந்தக் கேள்வி தொடவில்லை.

தமிழர் வழக்குகள் ஜெர்மன் சட்டத்திலும் ஆழமாகப் பதிந்தன. இலங்கையில் நடப்பது உள்நாட்டுப் போர், அதன் ஆபத்து அங்குள்ள எல்லோருக்கும் பொது, ஆகவே அது அரசியல் துன்புறுத்தல் ஆகாது என்னும் வாதத்தை மனுக்களைத் தள்ளுபடி செய்த அலுவலர்களும் நீதிபதிகளும் திரும்பத் திரும்ப முன்வைத்தனர். கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் 1989 ஜூலை 10 அன்று வழங்கிய, சட்ட நூல்களில் இன்றும் தமிழர் தீர்ப்பு என்றே குறிப்பிடப்படும் முடிவு இதற்கு அளவுகோல் வகுத்தது. அரசியல் துன்புறுத்தல் என்பது அடிப்படையில் அரசு இழைப்பது. உள்நாட்டுப் போரில் அரசு ஒரு போரிடும் தரப்பாக மட்டும் நடந்துகொள்ளும்போது அதன் தாக்குதல்கள் பொதுவாக அந்த வரையறைக்குள் வாரா. ஆனால் போரைச் சாக்காகக் கொண்டு ஓர் இனத்தின் உயிரையோ அடையாளத்தையோ அழிக்க முற்பட்டால் அது துன்புறுத்தலே என்று நீதிமன்றம் கூறியது. ஒருவர் தம் நாட்டிலேயே அச்சமின்றி வாழத்தக்க வேறொரு பகுதி இருந்தால் அவருக்கு அயல்நாட்டுப் புகலிடம் தேவையில்லை என்னும் கோட்பாட்டையும், அதாவது உள்நாட்டு மாற்றிடம் என்பதையும், அந்தத் தீர்ப்பு தெளிவாக வரையறுத்தது. யாழ்ப்பாணத்தவர் கொழும்பில் பாதுகாப்பாக வாழ முடியுமா என்னும் கேள்வி அதன்பின் ஜெர்மன் நீதிமன்ற அறைகளில் பல ஆண்டுகள் ஒலித்தது. அதே அளவுகோல் குர்துகள் உள்ளிட்ட பிற மக்களின் வழக்குகளுக்கும் பொருத்தப்பட்டது.

மனு தள்ளுபடியானவர்களில் பலரை உடனே நாடு கடத்தவும் அரசால் முடியவில்லை. அவர்களுக்கு டுல்டுங் என்னும் தாள் வழங்கப்பட்டது; பொறுத்துக்கொள்ளுதல் என்று பொருள்படும் அது தங்கும் அனுமதி ஆகாது, நாடு கடத்தல் தற்காலிகமாக ஒத்திவைக்கப்பட்டதைக் காட்டும் சான்று மட்டுமே. மாதக் கணக்கில் நீட்டிக்கப்பட்ட அந்தத் தாளை நம்பிப் பலர் பத்தாண்டுக்கு மேலும் வாழ்ந்தனர். அரசு அவர்களுக்கு மொழி வகுப்பு நடத்தாத அந்தக் காலத்தில் தமிழர்கள் தமக்கான அமைப்புகளைத் தாமே உருவாக்கிக்கொண்டனர். புலம்பெயர் எழுத்தாளர்களும் வாசகர்களும் கூடும் இலக்கியச் சந்திப்பு 1988இல் ஜெர்மனியில் தொடங்கிப் பிற நாடுகளுக்கும் பரவியது. ஹம் நகரில் ஒரு கட்டடத்தின் கீழறையில் வழிபடப்பட்ட காமாட்சி அம்மனுக்கு அந்நகரின் தொழிற்பேட்டையில் கோபுரத்தோடு எழுந்த கோயில் 2002 ஜூலையில் குடமுழுக்குக் கண்டது. அதன் தேர்த் திருவிழாவுக்கு இப்போது நகர நிர்வாகமும் பெருமையோடு ஒத்துழைக்கிறது.

பெர்லின் சுவர் விழுந்தபின் முரண்பாடு இன்னும் வெளிப்படையானது. 1990இல் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் சோவியத் ஒன்றியத்திலிருந்தும் ஜெர்மன் வம்சாவளியினர் கிட்டத்தட்ட 4 லட்சம் பேர் வந்தனர். ஜெர்மன் மொழி பேசாதவர்கள் அவர்களில் பலர் இருந்தும், அவர்களுக்குக் குடியுரிமையும் மொழிப் பயிற்சியும் வீட்டுவசதியும் கிடைத்தன. அதே ஆண்டில் புகலிடம் கோரிய 1,93,063 பேரைப் பற்றியே நாடு நிரம்பி வழிகிறது என்ற கூக்குரல் எழுந்தது. யூகோஸ்லாவியப் போரால் 1992இல் மனுக்கள் 4,38,191 ஆகப் பெருகின. முந்தைய ஆண்டு ஹோயர்ஸ்வெர்டா நகரில் அயல்நாட்டுத் தொழிலாளர்களின் விடுதியும் அகதிகள் விடுதியும் நாள்கணக்கில் தாக்கப்பட்டபோது, அதிகாரிகள் தாக்கப்பட்டவர்களையே பேருந்தில் ஏற்றி ஊரை விட்டு அகற்றினர். 1992 ஆகஸ்டில் ரோஸ்டாக் நகரின் லிக்டன்ஹாகன் பகுதியில் வியட்நாமியர் குடியிருந்த கட்டடம் கொளுத்தப்பட்டதைப் பெரும் கூட்டம் கைதட்டி வேடிக்கை பார்த்தது. உள்ளே சிக்கிய நூற்றுக்கும் மேற்பட்டோர் கூரை வழியாகத் தப்பினர். அங்கே அகதிகளின் பதிவு நிலையத்தில் இடமில்லாமல் மனுதாரர்கள் வாரக்கணக்கில் புல்வெளியில் கிடந்ததும், அதைச் சரிசெய்யாமல் நிர்வாகம் விட்டுவிட்டதும் வெறுப்புக்கு விறகாயின.

வன்முறையாளர்களுக்கு அரசு அளித்த விடை சட்டத்திருத்தமாக அமைந்ததை இந்த வரலாற்றின் மிகக் கசப்பான கட்டமாகக் கொள்ளலாம். ஆளும் கூட்டணியும் சமூக ஜனநாயகக் கட்சியும் 1992 டிசம்பர் 6 அன்று உடன்பாட்டுக்கு வந்தன. பான் நகரின் நாடாளுமன்றப் பகுதியைப் போராட்டக்காரர்கள் முற்றுகையிட்டதால் உறுப்பினர்கள் சிலர் ரைன் ஆற்றில் படகேறி வந்து சேர்ந்த 1993 மே 26 அன்று, 521 வாக்குகள் ஆதரவாகவும் 132 எதிராகவும் விழ, திருத்தம் நிறைவேறியது. மூன்று நாள் கழித்து சோலிங்கன் நகரில் துருக்கியக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டதில் பெண்களும் சிறுமிகளுமாக ஐவர் இறந்தனர். பழைய வாசகம் 16அ என்னும் புதிய பிரிவின் முதல் வரியாக இன்றும் நிற்கிறது. ஆனால் பாதுகாப்பான மூன்றாம் நாடு ஒன்றைக் கடந்து வந்தவருக்கு அது பொருந்தாது என்று அடுத்த வரிகள் கூறுகின்றன. ஜெர்மனியைச் சூழ்ந்த நாடுகள் அனைத்தும் அத்தகைய நாடுகளாகக் கொள்ளப்பட்டதால், தரைவழியாக வரும் எவருக்கும் அரசமைப்பு வழங்கிய புகலிடம் எட்டாத ஒன்றாயிற்று. அதன்பின் பாதுகாப்புப் பெற்றவர்களில் பெரும்பாலோர் ஜெனீவா ஒப்பந்தத்தின் வழியாகவே அதைப் பெற்றனர். 1994இல் மனுக்கள் 1,27,210 ஆகக் குறைந்தன. அகதி முதலில் நுழைந்த நாடே அவர் மனுவுக்குப் பொறுப்பு என்னும் விதியைப் பொதுவாக வலியுறுத்திய டப்ளின் ஒப்பந்தம், 1990இல் கையெழுத்தாகி 1997இல் நடைமுறைக்கு வந்து, இந்தத் தர்க்கத்தை ஐரோப்பா முழுமைக்கும் விரித்ததால் பின்னாளில் பாரம் கிரேக்கத்தின்மேலும் இத்தாலியின்மேலும் விழுந்தது.

திருத்தத்தோடு வந்த மற்றொரு சட்டம், 1993 நவம்பர் முதல், புகலிடம் கோருவோரைப் பொது உதவித்தொகைத் திட்டத்திலிருந்து பிரித்துக் குறைந்த தொகையையும், பணத்துக்குப் பதில் பொருளையும் வழங்க வழிசெய்தது. விலைவாசி ஏறிய போதும் அந்தத் தொகை 19 ஆண்டுகள் உயர்த்தப்படவே இல்லை. 2012 ஜூலையில் அரசமைப்பு நீதிமன்றம் அது மனித மாண்புக்கு ஒவ்வாதது என்றும், குடியேற்றத்தைத் தடுக்கும் நோக்கத்துக்காக மாண்பைக் குறைத்தளக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது.

ஒருங்கிணைப்பு என்னும் கருத்து சட்டத்தில் இடம்பெற்றது அந்தத் தீர்ப்புக்கு ஏழாண்டுக்கு முன்னர்தான். 2005இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டம் 600 மணிநேர மொழிப் பயிற்சியை உள்ளடக்கிய ஒருங்கிணைப்பு வகுப்புகளை ஏற்படுத்தி, அவற்றை நடத்தும் பொறுப்பை மனுக்களை விசாரித்துவந்த அதே கூட்டாட்சி அலுவலகத்திடம் ஒப்படைத்தது. டுல்டுங் தாளோடு வாழ்ந்தவர்களுக்கு அந்த வகுப்புகளில் உரிமை கிடைக்கவில்லை. 2007இல் அவர்களுக்கென வகுக்கப்பட்ட விதி, எட்டாண்டுகளும் சிறு பிள்ளைகள் உள்ள குடும்பமாயின் ஆறாண்டுகளும் நாட்டில் தங்கியிருந்தோருக்குத் தங்கும் அனுமதியை முன்வைத்தது. அதைப் பெற அவர்கள் ஜெர்மன் மொழியில் அடிப்படைப் பேச்சுத் திறனையும், அரசு உதவியின்றித் தம் உழைப்பிலேயே குடும்பத்தைக் காப்பாற்றுவதையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. அவ்வாறு ஈட்டும் வேலை கைவசம் இல்லாதவர்களுக்கு, அதைத் தேடிக்கொள்ள 2009 இறுதி வரை தவணை கொடுக்கப்பட்டது.