குளிப்பு நடந்த ஆண்டுகள் எதைச் சொல்கின்றன? மன்னார் வளைகுடா முத்துப் பார்களைப் பற்றிய ஒரு மறுவாசிப்பு

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள், அதாவது முத்துச்சிப்பி வாழும் கடலடித் திட்டுகள், நிறைவதும் வெறுமையாவதும் ஓர் இயற்கைச் சுழற்சி என்ற கருத்து ஆய்வுலகில் நெடுங்காலமாக நிலைத்திருக்கிறது. முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளின் பட்டியலே இதற்குத் தலையாய சான்று. தமிழகக் கரையில் 1889, 1908, 1914, 1926–28, 1955–61 எனச் செல்லும் அந்தப் பட்டியலின் இடைவெளிகளைச் சிப்பி பிறக்காத காலம் என்று கொள்கிறார்கள். பட்டியல் அந்தப் பொருளைத் தாங்காது என்பது என் துணிபு.

குளிப்பு தானாக நிகழ்வதன்று. பாரைச் சோதித்து, மாதிரிக்குச் சிப்பி எடுத்து, அதிலுள்ள முத்தை மதிப்பிட்டு, வருவாய் தேறுமென்று கண்ட பிறகே அரசு அறிவித்தது. இளஞ்சிப்பியில் முத்து தேறாது. ஏறத்தாழ நான்கு வயதை எட்டியவையே குளிப்புக்குரியவை. ஆகவே, முழு வளர்ச்சி வரை பிழைத்த தலைமுறைகள் மட்டுமே பட்டியலில் இடம்பெறும். ஓராண்டில் மடிந்த தலைமுறைக்கு அதில் தடயமே இராது.

அப்படி மடிந்தவை உண்டா? இலங்கைப் பக்கத்துப் பெரிய பாரைப் பற்றி விலங்கியலாளர் ஹெர்ட்மன் எழுதியவை இங்கே தீர்க்கமானவை. 1902-இல் பார்களை ஆராய்ந்த அவர், பெரிய பாரில் குஞ்சுகள் திரளாக ஒட்டுவதையும், முதிர்வதற்குள் அவை மறைந்துபோவதையும் விரிவாகப் பேசினார். அக்குஞ்சுகளை வேறு பார்களுக்கு மாற்றவும் பரிந்துரைத்தார். பருவக்காற்றில் புரளும் மணல், சிப்பியைத் தின்னும் திருக்கை எனக் காரணங்கள் பல. எது முதன்மையானது என்பதில் நான் உறுதி கூற மாட்டேன். ஒட்டுவதற்கும் முதிர்வதற்கும் இடையில்தான் இழப்பு நேர்கிறது என்பதை மட்டும் ஐயமின்றிச் சொல்லலாம்.

1914-ஆம் ஆண்டுக் குளிப்பு தொண்டியில் நடந்தது. அது பாக்கு விரிகுடாக் கரை. புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரைக்குத் தெற்கே அடுத்திருப்பது. அதையும் தூத்துக்குடிப் பார்களையும் ஒரே தொடரில் வைத்துச் சுழற்சியின் நீளத்தைக் கணக்கிடுவது முறையன்று. 1955 முதல் ஏழாண்டுகள் இடைவிடாது குளிப்பு நடந்ததும் சுழற்சிக் கருத்தோடு எளிதில் பொருந்தவில்லை. முதிர்ந்த தலைமுறைகளை மட்டுமே காட்டுவதால், அளவுமீறி எடுத்ததால்தான் பார்கள் அழிந்தன என்போருக்கும் இந்தப் பட்டியல் உதவாது.

ஒட்டுவதற்கும் முதிர்வதற்கும் இடையில்தான் இழப்பு என்ற முடிவு, பார்களின் மீட்டெடுப்புக்கு நேரடியாகப் பொருந்தும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1981-இல் தூத்துக்குடியில் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கியது. பெருஞ்சாதனை அது. 1985 முதல் அக்குஞ்சுகள் பார்களில் விடப்பட்டன. ஆயினும் குளிப்பு திரும்பவில்லை. கடலே கோடிக்கணக்கில் குஞ்சுகளை ஒட்டவைத்து இழக்கும் இடத்தில் மேலும் குஞ்சுகளை விடுவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதுதான். சிப்பி முட்டையையும் விந்தையும் நீரிலேயே வெளியிடுகிறது. முதிர்ந்தவை நெருங்கி இராவிட்டால் கருவுறுதல் குன்றும். ஆகவே கூண்டில் வளர்த்துப் பெரிதாக்கிய சிப்பிகளை, மணல் மூடாத கடினத் தரையில், நெருக்கமாக இட்டுக் காக்க வேண்டும். செலவு மிகும் என்பார்கள். பயனற்ற விதைப்பின் செலவை யாரும் கணக்கிடுவதில்லை. சில தாய்ச்சிப்பிகளின் வழி மட்டும் பெருக்கினால் மரபுவளம் குறுகும் என்ற அச்சம், தாய்ச்சிப்பிகளைப் பல பார்களிலிருந்து திரட்டினால் பெரிதும் தணியும்.

பார்ச் சோதனைப் பதிவேடுகளை வைத்திருக்கும் துறைகள், சிப்பிகளின் வயதையும் அளவையும் பார்வாரியாகத் தொகுத்து வெளியிட வேண்டும். அடுத்த விதைப்புக்கு முன் அதைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.